டாக்டராச்சி பதில்கள்: வயிற்றுக் கிருமியும் புற்றுநோய் ஊசியும்

போன இதழில் இம்யூனோதெரபி, அதாவது நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களைக் கொண்டே புற்றுநோயை அடிக்கும் சிகிச்சை பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகத்தைச் சுற்றித்தான்: வயிற்றில் இருக்கிற கிருமிக்கும் இந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம்? அதனால் மூட்டுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் கோவித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

அப்பச்சிக்கு வயது 71. நுரையீரல் புற்றுநோய். மதுரையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். அந்த மருந்து வேலை செய்யுமா, செய்யாதா என்பதை வயிற்றில் இருக்கிற பாக்டீரியாதான் தீர்மானிக்குமாம். நெஞ்சில் இருக்கிற கட்டிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் ஆச்சி?
– வாசகி, தேவகோட்டை

சம்பந்தம் இருக்கிறது. ‘தீர்மானிக்கும்’ என்பதுதான் கொஞ்சம் அதிகம். கை கொடுக்கும், சில நேரம் காலை வாரும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பச்சிக்கு ஏறுகிற மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். கீமோ மருந்து புற்றணுவை நேராகத் தாக்கும். பெம்ப்ரோலிசுமாப் அப்படித் தாக்குவதில்லை. நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்ற காவல் அணுக்கள் சுற்றுகின்றன. அவை வெறிபிடித்துச் சொந்த உடம்பையே அடித்துவிடக் கூடாது என்பதற்காக உடம்பே அவற்றில் சில பிரேக்குகளை வைத்திருக்கிறது. பிடி-1 ஒரு பிரேக், சிடிஎல்ஏ-4 இன்னொன்று. கட்டி இந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் டி அணுக்களிடமிருந்து தப்பிக்கிறது. ஊசி மருந்து அந்தக் காலை எடுத்துவிடுகிறது. இதற்கு வழி காட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மருந்து பிடிக்கிற நோயாளிக்கு இது அற்புதமாக வேலை செய்கிறது. பல வருடம் கட்டி தலைதூக்காமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான புற்றுநோய்களில் பாதிப் பேருக்குக்கூட மருந்து பிடிப்பதில்லை. ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவர் எழுந்து நடக்கிறார், பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏன்? கட்டியின் மரபணுவில் பாதி விடை இருந்தது. மீதியைத் தேடும்போதுதான் சிகாகோவில் எலிகளிடம் ஒரு துப்புக் கிடைத்தது.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் கஜெவ்ஸ்கி என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரே இன எலிகளை இரண்டு வெவ்வேறு வியாபாரிகளிடம் வாங்கி வைத்திருந்தார்கள். மரபணுவில் இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அணுக்களைச் செலுத்தினார்கள். ஒரு வியாபாரியின் எலிகளில் கட்டி வேகமாக வளர்ந்தது, மற்றவரின் எலிகளில் மெதுவாக வளர்ந்தது. பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒரே கூண்டில் விட்டார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது! ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் ஒன்றன் புழுக்கையை இன்னொன்று தின்னும். அதாவது, வயிற்றுக் கிருமிகளைப் பங்குபோட்டுக்கொள்ளும். தேடிப் பார்த்ததில் பிஃபிடோபாக்டீரியம் என்ற கிருமி இருந்த எலிகளில்தான் டி அணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தன. அந்தக் கிருமியை மற்ற எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது அவற்றிலும் கட்டியின் வேகம் குறைந்தது. இது 2015-இல் வந்தது. அதே சமயத்தில் பாரிஸ் பக்கத்தில் குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தில் லாரன்ஸ் சித்வோகல் குழு, வயிற்றில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு சிடிஎல்ஏ-4 மருந்து பலிக்கவில்லை என்று காட்டியது.

எலிக்குச் சரி, மனுசருக்கு? 2018 ஜனவரியில் மூன்று குழுக்கள் ஒன்றாக வெளியிட்டார்கள். பாரிஸ் குழு, மருந்து பிடித்த நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோயாளிகளின் மலத்தில் அக்கர்மான்சியா என்ற கிருமி அதிகம் என்றது. இது குடலின் உள்சுவரில் இருக்கும் சளிப்படலத்தைத் தின்று வாழ்வது. ஹூஸ்டனில் ஜெனிஃபர் வார்கோவின் குழு வேறு சில கிருமிகளைச் சொன்னது, சிகாகோ குழு மேலும் சிலவற்றைச் சொன்னது. அப்புறம் பாரிஸில் ஒரு சோதனை. மருந்து பிடித்தவர், பிடிக்காதவர் இருவரின் மலத்தையும் கிருமியற்ற எலிகளுக்குத் தனித்தனியாக ஏற்றினார்கள். பிடிக்காதவரின் கிருமி ஏறிய எலிக்கு மருந்தும் பிடிக்கவில்லை. அந்த எலிக்கு அக்கர்மான்சியாவைக் கொடுத்ததும் பிடிக்க ஆரம்பித்தது. ‘சும்மா ஒத்துப்போகிறது’ என்று இதைத் தள்ளிவிட முடியாமல் செய்தது இந்தச் சோதனைதான்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் என்ன வழி என்று கேட்டீர்கள். உடம்பின் எதிர்ப்பு அணுக்களில் பெரிய பங்கு குடலைச் சுற்றித்தான் குடியிருக்கிறது. அங்கேதான் அவை கிருமிகளைப் பார்த்துப் பழகுகின்றன, பிறகு ரத்தத்தில் ஏறி ஊர் சுற்றுகின்றன. நார்ச்சத்தைக் கிருமிகள் புளிக்கவைக்கும்போது பியூட்ரேட் போன்ற சிறிய அமிலங்கள் உண்டாகி ரத்தத்தில் கலக்கின்றன. அவையும் டி அணுக்களின் குணத்தை மாற்றுகின்றன.

உங்கள் தம்பி அனுப்பிய வீடியோவின் அடிப்படை சரி. அதன் கடைசியில் ஏதாவது பொடி வாங்கச் சொல்லியிருந்தால் மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

நான் மருந்துக்கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இந்த ஊசி போட்டுக்கொள்கிறார். சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வந்தவரை, “கொடுக்காதே” என்று அவர் மகள் போனில் சத்தம் போட்டார். ஒரு மூன்று நாள் மாத்திரையில் என்ன வந்துவிடப் போகிறது?
– வாசகர், காரைக்குடி

அந்த மகளுக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சத்தமாகச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2019-இல் 196 நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. எல்லோரும் பிரேக்கை எடுக்கும் இதே வகை மருந்து போட்டுக்கொண்டவர்கள். ஊசி தொடங்குவதற்கு முந்தைய 30 நாளில் ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களின் சராசரி ஆயுள் 26 மாதம். எடுத்தவர்களுக்கு 2 மாதம். தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், இரண்டுதான். ஊசி தொடங்கிய பிறகு எடுத்தவர்களிடம் அந்த ஆய்வில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

இதை அப்படியே விழுங்கவும் கூடாது. ஆன்டிபயாடிக் யாருக்குத் தேவைப்படுகிறது? ஏற்கெனவே நலிந்தவர்களுக்கு, நெஞ்சில் நிமோனியா கட்டியவர்களுக்கு. அவர்கள் சீக்கிரம் போனதற்கு மாத்திரை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆனால் வேறு பல ஊர்களில் எடுத்த கணக்குகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. 2023-இல் பாரிஸ் குழு ஒரு விளக்கமும் கொடுத்தது. குடலின் ரத்தக்குழாய்ச் சுவரில் எதிர்ப்பு அணுக்களைக் குடலிலேயே நிறுத்திவைக்கும் ஒரு புரதம் உண்டு. ஆன்டிபயாடிக் முடிந்து வேண்டாத கிருமிகள் திரும்பிக் குடியேறும்போது அந்தப் புரதம் குறைந்துபோகிறது. அப்போது குடலில் இருந்த ஒருவகை அடக்கும் அணுக்கள் கிளம்பிப் போய்க் கட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு டி அணுக்களின் வேலையைக் கெடுக்கின்றன.

இப்போது உங்கள் கடைக்கு வருகிறேன். காரைக்குடியில் கிளினிக் வைத்திருந்த காலத்தில், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடையில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். “தம்பி, தொண்டை கரகரங்குது, ஏதாவது கொடு” என்று ஒருவர் வருவார். கத்தரிக்கோல் அட்டையில் ஓடும், அசித்ரோமைசின் மூன்று மாத்திரை துண்டாக வந்து விழும். கூடவே ஒரு பாராசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை. சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. துண்டாக வெட்டியதில் மருந்தின் பெயர் பாதி போயிருக்கும். மறுநாள் என்னிடம் வந்து, “ரோஸ் கலர் மாத்திரை சாப்பிட்டேன் ஆச்சி” என்பார்கள். என்னவென்று கண்டுபிடிக்க நான் ஜோசியம் பார்க்க வேண்டும்.

சளி, தொண்டைக் கரகரப்பு எல்லாம் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. வயிற்றில் இருப்பதைத்தான் துடைத்துப்போடும். அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறதே, அது அழகுக்குப் போட்டதில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்காதே என்று 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த அடையாளம். இருபது வருட அனுபவம் உள்ளவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேஸ் மாத்திரையையும் விடக் கூடாது. பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் குடலின் கிருமிக் கூட்டமே மாறுகிறது. இந்த ஊசிக்காரர்களிடம் அவையும் நல்ல பெயர் எடுக்கவில்லை. தேவை இருந்தால் சாப்பிடத்தான் வேண்டும். பழக்கத்துக்காக வருடக்கணக்கில் காலையில் காபிக்கு முன் ஒன்று போட்டுக்கொள்பவர்கள், “இது எனக்கு இன்னும் வேண்டுமா?” என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் எதிர்ப்பக்கம் ஓடிவிடாதீர்கள். ஊசி போட்டுக்கொள்பவருக்கு, முக்கியமாகக் கீமோவும் சேர்ந்து ஏறுகிறவருக்கு, 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே மருத்துவர் ஆன்டிபயாடிக் போட்டால், “என் கிருமி செத்துவிடும்” என்று கையை மறிக்கக் கூடாது. ரத்தத்தில் நச்சேறினால் நாள் கணக்கில் எல்லாம் நேரம் இருக்காது. நான் வேண்டாம் என்பது கத்தரிக்கோல் ஆன்டிபயாடிக்கை மட்டும்.

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சிறுநீரகப் புற்றுநோய், இம்யூனோதெரபி ஓடுகிறது. நல்ல பாக்டீரியா உள்ள புரோபயாட்டிக் பொடி ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். நாலு டப்பா வாங்கினால் ஒன்று இலவசம். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

வேண்டாம். ஐந்தாவது டப்பா இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

கிருமி நல்லது என்றால் டப்பாவில் அடைத்த கிருமியும் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. ஹூஸ்டன் குழு 2021-இல் 128 மெலனோமா நோயாளிகளின் சாப்பாட்டை விசாரித்தது. நாளுக்கு 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு மருந்து நன்றாகப் பிடித்தது. ஒவ்வொரு 5 கிராம் கூடுதலுக்கும் நோய் முற்றும் அல்லது உயிர் போகும் அபாயம் 30 சதவீதம் குறைவாக இருந்தது. இருந்தவர்களிலேயே நன்றாக இருந்தவர்கள் யார் தெரியுமா? நார்ச்சத்து போதுமான அளவு சாப்பிட்டு, புரோபயாட்டிக் எடுக்காதவர்கள். அதே குழு எலிகளுக்குக் கடையில் விற்கும் வகைக் கிருமிகளைக் கொடுத்துப் பார்த்தபோது மருந்தின் வேலை மந்தமானது. நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் கூடி வாழும் இடத்தில் ஒன்றிரண்டு வகையை மட்டும் கோடிக்கணக்கில் கொட்டினால் மற்றவை ஒதுங்கத்தான் செய்யும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் கிருமிகள் திரும்பி வர, சும்மா விட்டவர்களைவிட அதிக காலம் பிடித்தது என்று இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 2018-இல் காட்டியது.

அப்படியென்றால் இந்தச் சிறுநீரகப் புற்றுநோய்க்கே ஜப்பானில் வழங்கும் சிபிஎம்588 என்ற கிருமியை மருந்தோடு கொடுத்து அமெரிக்காவில் நல்ல பலன் வந்ததே என்று யாராவது கேட்பீர்கள். வந்தது, 2022-இல். அது ஒரு குறிப்பிட்ட கிருமி, முப்பது பேர் அளவிலான சிறிய சோதனை, மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. நீங்கள் பார்த்த டப்பாவில் இருப்பது அதுவல்ல.

வீட்டுத் தயிரும் மோரும் இதில் சேர்த்தி இல்லை. அத்தானுக்கு மோர் கொடுக்காதீர்கள் என்று நான் சொன்னதாக அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அப்படியானால் சமையலில் என்ன செய்யலாம்? எங்கள் ஆத்தாவுக்கு ஊசி தொடங்கியதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பத்தியம் சொல்கிறார்கள். ஒருத்தர் சீனியை நிறுத்து என்கிறார், ஒருத்தர் பழச்சாறு மட்டும் என்கிறார். ஆத்தாவோ “கவுனி அரிசி கிண்டிக் கொடு” என்று கேட்கிறார்கள்.
– வாசகி, கானாடுகாத்தான்

ஆத்தாவுக்குக் கவுனி கிண்டிக் கொடுங்கள். தவிடு நீக்காத அரிசி, வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல். நெய்யும் சீனியும் விசேஷ வீட்டு அளவுக்கு இல்லாமல் பாதியாக இருக்கட்டும். கவுனி சாப்பிட்டால் கட்டி கரையும் என்று எவராவது வந்தால் மட்டும் முகப்பிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பழச்சாறு மட்டும் என்பது சுத்த மோசம். பிழிந்து வடிகட்டும்போது கிருமிக்கு வேண்டிய நாரைக் குப்பையில் கொட்டிவிட்டு இனிப்பை மட்டும் குடிக்கிறோம். கொய்யாவைக் கடித்துச் சாப்பிட்டால் நூறு கிராமுக்கு ஐந்து கிராம் நார். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 12 கிராம். வெள்ளைச் சோறு ஒரு கிண்ணத்தில் ஒரு கிராம்கூட இருக்காது. 20 கிராமுக்கு எங்கே போவது என்று மலைக்காதீர்கள். நம் சமையலில் அது ஒளிந்துதான் கிடக்கிறது. வெண்டைக்காய் மண்டியில் மொச்சையைக் கூடுதலாகப் போடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளிப்பும் காய்மணமுமாகக் கொதிக்கிற அந்த மண்டி, வாய் கசந்து கிடக்கிறவர்களுக்கும் இறங்கும். வாழைப்பூப் பொரியல், அவரைக்காய், கொத்தவரங்காய், கீரை, பலாக்கொட்டை போட்ட சாம்பார். கத்தரிக்காய் கோஸ்மல்லியில் தோலோடு மசித்தால் இன்னும் நல்லது. ஒரே காயைத் தினமும் போடுவதைவிட மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒவ்வொரு கிருமிக்கு ஒவ்வொரு நார் பிடிக்கும்.

ஒரே வாரத்தில் அளவை ஏற்றினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், தண்ணீர் கூடவே வேண்டும். வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில், குடலில் அடைப்போ அறுவைசிகிச்சையோ நடந்தவர்களுக்கு இந்த யோசனை எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சொல்வதுதான்.

பழைய சோறு பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். புளித்த உணவுகள் குடல் கிருமிகளின் வகையைப் பெருக்குகின்றன என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-இல், ஆரோக்கியமான 36 பேரை வைத்துச் செய்த ஆய்வில் கண்டது. நீராகாரத்தை நானும் விரும்பிக் குடிப்பவள்தான். ஆனால் கீமோவும் சேர்ந்து ஏறி வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோறு வேண்டாம். ரத்த ரிப்போர்ட்டைக் காட்டி மருத்துவர் சரி என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சீனி? புற்றணு சீனியைத் தின்னும் என்பது உண்மை. நம் மூளையும் தின்னும். எடை குறைந்துகொண்டிருக்கும் ஆத்தாவிடமிருந்து அரைக் கரண்டிச் சீனியைப் பிடுங்கி எதுவும் சாதிக்கப் போவதில்லை.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆரோக்கியமானவரின் மலத்தை நோயாளிக்கு ஏற்றினால் மருந்து பிடிக்கும் என்று படித்தேன். உண்மையா? நான் என் தம்பிக்குக் கொடுக்கத் தயார்.
– வாசகர், தேவகோட்டை

கூச்சம் எதற்கு? நான்காம் நூற்றாண்டிலேயே சீனாவில் கே ஹோங் என்ற மருத்துவர் கடும் வயிற்றுப்போக்குக்கு இதைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்.

உண்மைதான். 2021-இல் இரண்டு இடங்களில் செய்தார்கள், இரண்டிலும் மெலனோமா நோயாளிகள், பிடி-1 ஊசி பிடிக்காமல் போனவர்கள். ஊசி நன்றாகப் பிடித்தவர்களின் மலத்திலிருந்து தயாரித்ததை ஏற்றி, அதே ஊசியைத் திரும்பப் போட்டார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 15 பேரில் 6 பேருக்குப் பலன். இஸ்ரேலின் ஷெபா மருத்துவமனையில் 10 பேரில் 3 பேருக்கு. கைவிட்ட மருந்து திரும்ப வேலை செய்தது என்பது சின்ன விஷயமில்லை. 2023-இல் கனடாவில் ஊசியை முதல்முறை தொடங்கும் 20 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கொடுத்ததில் 13 பேருக்குக் கட்டி சுருங்கியது.

உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இது வீட்டில் செய்கிற காரியம் கிடையவே கிடையாது. கொடுப்பவரின் ரத்தமும் மலமும் நீண்ட பட்டியலாகப் பரிசோதிக்கப்படும். அமெரிக்காவில் ஒருமுறை மருந்துக்கு அடங்காத ஈ-கோலை கிருமி அதில் இருந்ததைப் பார்க்காமல் விட்டதில் ஒரு நோயாளி இறந்தே போனார், 2019-இல் அரசு எச்சரிக்கை விட்டது. நம் நாட்டில் லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரியில் பெருங்குடல் அழற்சி நோய்க்கு இதைச் செய்துவருகிறார்கள். புற்றுநோய் ஊசியோடு சேர்ப்பது இன்னும் சோதனைக் கட்டம்தான். தம்பியின் மருத்துவரிடம், “இப்படி ஏதாவது ஆய்வில் சேர வாய்ப்பு இருக்கிறதா?” என்று கேளுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார்.

மலத்தைக் கூரியரில் அனுப்பினால் எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று ரிப்போர்ட் தருகிறார்களாம். எடுத்துப் பார்க்கட்டுமா?
– வாசகர், கோட்டையூர்

ரிப்போர்ட் வரும். அதை வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவர் மாற்றக்கூடியது எதுவும் இப்போது கிடையாது. பாரிஸ் ஒரு கிருமியைச் சொன்னது, சிகாகோ வேறொன்றைச் சொன்னது என்றேன் அல்லவா? ஊருக்கு ஊர் சாப்பாடு மாறுகிறது, கிருமியும் மாறுகிறது. அக்கர்மான்சியாவே 2022-இல் 338 நுரையீரல் நோயாளிகளிடம் பார்த்தபோது, இருந்தால் நல்லது, அளவுக்கு மீறி இருந்தால் கெட்டது என்று வந்தது. அந்தக் காசுக்கு மொச்சையும் கொய்யாவும் வாங்குங்கள்.

வகுப்பில் ஒரு பையன், “கிருமி நோயைத்தானே கொடுக்கும், புற்றுநோயை எப்படி டீச்சர் தடுக்கும்?” என்று கேட்டான்.
– ஆசிரியை, குன்றக்குடி

அவன் தோளில் இருக்கும் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, உயிருள்ள கிருமி. அதே பிசிஜியைத்தான் 1976-இல் கனடாவில் அல்வரோ மொராலெஸ் என்ற மருத்துவர் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்கே மேலோட்டமாக இருக்கும் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கலாம் என்று காட்டினார். இன்றைக்கும் அதுதான் அந்த நோய்க்கு முக்கிய சிகிச்சை. நம் நாட்டுப் பிசிஜி ஆய்வுக்கூடம் சென்னை கிண்டியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பையனுக்கு என் பெயரைச் சொல்லி ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள், காசை நான் தருகிறேன்.

இதெல்லாம் பணக்காரர் மருந்து ஆச்சி. என் வீட்டுக்காரருக்கு வாயில் புற்றுநோய், முற்றிவிட்டது. ஊசியின் விலையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டோம்.
– வாசகி, புதுவயல்

திரும்பப் போய் ஒரு கேள்வி கேளுங்கள் அம்மா. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்கள், குணமாக்க முடியாத நிலைக்குப் போன தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு நிவோலுமாப் என்ற இதே வகை ஊசியை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமாக ஒருமுறைக்கு 240 மில்லிகிராம் போடுவார்கள். இவர்கள் போட்டது 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கூடவே விலை குறைந்த மாத்திரைகள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16.3 சதவீதம், ஊசியும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். “குறைந்த அளவு நிவோலுமாப் இவருக்குப் பொருந்துமா?” என்று கேளுங்கள். அரசுக் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். வெற்றிலையில் புகையிலை வைக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அம்மானுக்கு நாளைக்கு ஆறேழு தடவை வெளிக்குப் போகிறது. மாதுளை ஓட்டுக் கஷாயமும் கெட்டி மோரும் கொடுக்கிறோம். வயிற்றில் பாக்டீரியா மாறுவதால்தான் இப்படிப் போகிறது, நல்ல அறிகுறி என்று ஒருவர் சொன்னார். சரியா?
– வாசகர், கண்டனூர்

இந்தக் கடிதத்தில் எண் இருந்ததால் இதழ் அச்சாகும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளில் இதே நடக்கக் கூடாது என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

நல்ல அறிகுறி அல்ல. பிரேக்கை எடுத்துவிட்ட டி அணுக்கள் சில சமயம் குடலையே தாக்கத் தொடங்கும். பெருங்குடல் வீங்கிப் புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். கஷாயமும், கடையில் வாங்கும் லோபரமைடு மாத்திரையும் போக்கை நிறுத்தினாற்போல் காட்டும், உள்ளே வெந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வழக்கத்தைவிட நாளுக்கு நாலு தடவை கூடுதலாகப் போனாலோ, ரத்தமோ சளியோ கலந்தாலோ, வயிறு இழுத்துப் பிடித்தாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ அன்றைக்கே ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். ஊசி நிறுத்திப் பல மாதம் ஆன பிறகும் இது வரலாம். உள்ளூர் மருத்துவரிடம் அவசரத்துக்குப் போனால், “கீமோ எடுக்கிறார்” என்று சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து, வீட்டில் இரண்டு பேரிடமாவது வைத்திருங்கள்.

அம்மானை அன்று சாயங்காலமே மதுரையில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாவது ஊசியைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.